அக்கா அழிக்க விடாத விண்டோஸ்

ஞாயிறு காலை பூசை நேரத்தில் கடை போன் அடித்தது. "அக்கா தவறிட்டாங்க" என்றது ஒரு குரல். மரக்காணத்தில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்துக் கொடுக்கும் கடை எங்களுடையது. ஆர்டர் எல்லாம் இப்படித்தான் வரும். பழக்கதோஷத்தில், "பேர் சொல்லுங்க, நல்ல போட்டோவா ஒண்ணு அனுப்புங்க" என்றேன். எதிர்முனையில் அழுகை. "அண்ணே, நான் சார்லஸ். நம்ம பிலோமினா அக்கா" என்றார் அவருடைய தம்பி. கோயிலுக்குப் புறப்பட்டவர் வாசலிலேயே மாரடைப்பில் விழுந்துவிட்டாராம். என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் என்னோடு சண்டை போட்டுவிட்டுப் போனவர் எப்படிச் சாவார்?

எங்கள் கடைக்குத் தட்டச்சு செய்ய வந்தவர் பிலோமினா அக்கா. பிறகு என் கூட்டாளியானார். உப்புக்காற்று கம்ப்யூட்டரையும் விட்டுவைக்காத ஊர் இது. அவரே மெஷினைக் கழற்றித் துடைத்து மாட்டுவார். வாய் மட்டும் சும்மா இருக்காது. பெயரில் ஓர் எழுத்து தப்பினாலும், "செத்தவரா வந்து திருத்துவாரு? நீதாம்பா பாக்கணும்" என்று என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

பழைய விண்டோஸுக்குப் பாதுகாப்பு அப்டேட் வருவது நின்றதும் எங்கள் தகராறு தொடங்கியது. புதிய விண்டோஸை எங்கள் கிழட்டு மெஷின் தாங்காது. பழைய மெஷினிலும் ஓடும், இலவசமாகவும் கிடைக்கும் லினக்ஸுக்கு முழுசாக மாறிவிடலாம் என்றேன் நான். இரண்டும் ஒரே மெஷினில் இருக்கட்டும், திறக்கும்போது வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம் என்றார் அவர். அப்படியே போட்டோம். ஆனால் ஹார்டு டிஸ்கில் இடம் போதவில்லை. "ரெட்டைக் குதிரை சவாரி வேணாங்க்கா, விண்டோஸை அழிச்சிடுவோம்" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்பா, பழைய போஸ்டரெல்லாம் அதுலதான ஒழுங்கா திறக்குது? லினக்ஸ்ல பேரெல்லாம் கோணல்மாணலா நிக்குது. வருஷ நினைவுக்கு அதே மாதிரி வேணும்னு வர்றவங்களுக்கு என்ன பதில் சொல்லுவே? திங்கக்கிழமை பேசிக்கலாம். அதுவரைக்கும் கை வெக்காதே" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவருடைய போஸ்டரை நான்தான் அடித்தேன். வேறு யாரிடம் கொடுப்பது? விண்டோஸைத் திறந்து, சிலுவை வைத்த பழைய போஸ்டர் ஒன்றை எடுத்தேன். அதிலிருந்த பெயரை நீக்கிவிட்டு அவர் பெயரைத் தட்டினேன். "எழுத்து சரியாங்க்கா?" என்று பக்கத்து நாற்காலியைப் பார்த்துக் கேட்டும்விட்டேன். பிறகு நானே எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்துப் பார்த்தேன்.

அக்கா, ஈசிஆர் ரோட்டுச் சுவர்களில் இப்போது போஸ்டரில் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இன்னும் நம்பவும் முடியவில்லை. வருஷம் திரும்பினால் சார்லஸ் வந்து, அதே மாதிரி ஒன்று வேண்டும் என்பார். நீங்கள் இப்போது அந்த விண்டோஸில்தான் இருக்கிறீர்கள். நிம்மதியாகப் போய் வாருங்கள். அதை அழிக்க எனக்குக் கை வராது.