மான் தின்னாத வரி

எங்கள் ஊரில் செத்தவரின் நோட்டீஸை யாரும் கிழிக்கமாட்டார்கள். தேர்தல் நோட்டீஸைக் கிழிப்பார்கள், படக் கொட்டகை நோட்டீஸைக் கிழிப்பார்கள். மரண அறிவித்தலில் கைவைத்தால் தங்கள் வீட்டுக்கும் துக்கம் வந்துவிடும் என்று பயம். அது மழையில் கரைய வேண்டும். இல்லாவிட்டால் திருகோணமலைத் தெருக்களில் திரியும் மான்கள் கோதுமை மாப் பசையின் ருசிக்காகத் தின்ன வேண்டும்.

என் அண்ணன் உப்புவெளிக் கடற்கரையில் மண்டை பிளந்து கிடந்தார். விசாரணை நடக்கிறது என்றது பொலிஸ். ஆண்டுத் திவசம் வந்தபோதும் அது நடந்துகொண்டுதான் இருந்தது. ஊரும் மெல்ல அவரை மறந்துகொண்டிருந்தது. மறக்க விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

நினைவஞ்சலி நோட்டீஸில் அச்சகக்காரர் வழக்கம்போல "அகால மரணம்" என்று போடப் பார்த்தார்.

"அகாலமும் இல்லை, ஒண்டுமில்லை. அடிச்சுக் கொன்றிருக்கிறாங்கள். அப்பிடியே போடுங்கோ அண்ணை."

"ஏலாது தங்கச்சி. வீண் பிரச்சினை வரும்."

"வரட்டும். அதுக்குத்தானே போடுறன்."

முனகிக்கொண்டே அண்ணனின் படத்துக்குக் கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி போட்டுத் தந்தார்: "இவரைக் கொன்றவர் நம்மோடுதான் நடமாடுகிறார்." துறைமுக வீதி, மீன் சந்தை, பஸ் நிலையம் எல்லா இடமும் நானே ஏணி வைத்து ஒட்டினேன். வாசித்தவர்கள் பக்கத்தில் நின்றவர்களை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை ஒரு வலைக்கடைக்கு முன்னால் இருந்த மின்கம்பத்தில் மட்டும் அந்த வரியைக் காணவில்லை. கடைக்காரன் அண்ணனின் கூட்டாளி. செத்த வீட்டில் எல்லாரையும் விட உரத்து அழுதவன். பெண்கள் நாங்கள் வாசல் படலையோடு நின்றுவிட்டோம். சுடலை வரை பாடைக்குத் தோள் கொடுத்தவனும் அவன்தான்.

"மான் திண்டிட்டுது தங்கச்சி" என்றான் கடைக்குள் இருந்தபடி. நான் அவனிடம் எதுவுமே கேட்டிருக்கவில்லை.

அண்ணாந்து பார்த்தேன். அண்ணனின் முகத்தில் ஒரு கீறல் கூட இல்லை. எந்த மானும் ஏணியில் ஏறி, எழுத்துக்கூட்டி வாசித்து, தனக்குப் பிடிக்காத வரியை மட்டும் தின்னாது. செத்தவனின் முகத்தில் கைவைக்க அவனுக்கும் பயம் இருந்திருக்கிறது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

பொலிஸில் போய்ச் சொன்னேன். "நோட்டீஸ் கிழிஞ்சது ஒரு சாட்சியே?" என்று சிரித்தார்கள். நீதிமன்றத்துக்கு அது போதாதுதான். எனக்குப் போதும். அவனுக்குச் சோறு இறங்கக்கூடாது, கண் மூடக்கூடாது. வேறு என்ன வேண்டும் எனக்கு?

வெள்ளிக்கிழமை தோறும் அதே கம்பத்தில் புதிதாக ஒட்டினேன். ஒவ்வொரு முறையும் அந்த வரி மட்டும் சுரண்டப்பட்டது. சந்தைக்கு விஷயம் பரவியது. "மான் வந்திட்டுதோ?" என்று மீன் விற்கிற பெண்கள் அவன் காதுபடவே கேட்டார்கள். வலை வாங்க வந்த கிண்ணியா ஆட்கள் கம்பத்தைப் பார்த்தார்கள், கடையைப் பார்த்தார்கள், பக்கத்துக் கடைக்குப் போனார்கள்.

ஒருநாள் அவன் ஏணியடிக்கு வந்தான். முகம் வற்றிப் போயிருந்தது.

"அவன் போய்ச் சேந்திட்டான். அவனை நிம்மதியா விடுங்கோ தங்கச்சி."

"அவர் நிம்மதியாத்தான் இருக்கிறார். நான் ஒட்டுறது உங்களுக்கு."

போன வெள்ளிக்கிழமை போனபோது அந்த வரி அப்படியே இருந்தது. ஒரு கணம் எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. பிறகு கடைக்குள் எட்டிப் பார்த்தேன். அவன் கதிரையைத் திருப்பிப் போட்டு, வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்பக்க யன்னலைப் பார்த்தபடி இருந்தான். யன்னலுக்கு வெளியே பின் ஒழுங்கை தெரிந்தது. அங்கேயும் ஒரு மின்கம்பம் நின்றது.

ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பசை வாளியோடு அந்தப் பக்கம் நடந்தேன்.