டோக்கியோவுக்கு ஐந்து நிமிடம், சால்ட் லேக் மொட்டை மாடியிலிருந்து

2006 ஜனவரியில் நான் கொல்கத்தா போனது ஊர் சுற்ற அல்ல. டோக்கியோவில் இருக்கும் ஹாம் ரேடியோ நண்பர் ஒருவரோடு மூன்று வருடமாக வெறும் மின்னஞ்சல். ஒரு முறையாவது செயற்கைக்கோள் வழியாகப் பேசிவிட வேண்டும். எண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் செயற்கைக்கோள் நான் இருக்கும் சென்னைக்கும் டோக்கியோவுக்கும் ஒரே நேரத்தில் தெரியாது. கொல்கத்தாவுக்குத் தெரியும், அதுவும் வடகிழக்கில், தரையை ஒட்டி ஐந்து டிகிரியில். மூன்று நாள் விடுப்பு, மூன்று வாய்ப்பு: பகல் 2.46, 2.18, 1.50.

ரயிலில் இருபத்தெட்டு மணி நேரம். ஹவுராவில் டாக்ஸிக்காரர் என் ஆன்டெனா குழாயைப் பார்த்து, இந்தியில், "மீன் பிடிக்கவா தாதா? ஆத்துலயா, ஏரியிலயா?" என்றார். தாதா என்றால் அங்கே அண்ணன். ஆகாயத்தில் என்றேன். சால்ட் லேக் பகுதி வரை கண்ணாடியில் என்னையே பார்த்தபடி ஓட்டினார்.

மத்திய அரசு ஊழியரான சித்தப்பாவின் குடியிருப்பு நான்கு மாடி. முதல் நாள் 2.30க்கு ஏறினால் மொட்டை மாடியில் பூட்டு.

"சாவி குடியிருப்புச் சங்கச் செயலாளர் வீட்டுல. சாப்பிட்டுத் தூங்குறார்டா. நாலு மணிக்கு முன்னாடி இங்க யாரும் யாரையும் எழுப்ப மாட்டாங்க."

"சேட்டிலைட் காத்திருக்காது சித்தப்பா!"

"அதை அவர்கிட்ட நாலு மணிக்குச் சொல்லு."

நொடிக் கணக்கில் சுற்றுப்பாதை போட்டவன், சாவி யாரிடம் என்று கேட்கவில்லை. முட்டாள்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாம் நாள் சாவி காலையிலேயே கையில். வடகிழக்கு மூலை முழுக்கப் பழைய புடவைகள், அவற்றின் மேல் கிள்ளி வைத்த பருப்பு வடகம். அங்கே அதற்குப் போரி என்று பெயர். ஓரமாகக் கால் வைத்தேன். நாலைந்து நசுங்கின. செயலாளரின் மனைவி, எல்லோருக்கும் மாஷிமா, அதாவது பெரியம்மா, போட்ட சத்தத்தில் தென்மேற்கு மூலைக்குப் போனேன். அங்கே தண்ணீர்த் தொட்டி மறைத்தது. அது போதாதென்று, சுவரில் இருந்த, எல்லா வீட்டுக்கும் இணைப்புத் தரும் கேபிள் டிவி பெட்டியின் இரைச்சல் ரிசீவரை நிரப்பியது. செயற்கைக்கோள் தலைகாட்டிய எட்டு நிமிடமும் வீண்.

அன்று மாலை மாஷிமா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கேபிள் பெட்டியை நிறுத்தவும் கேட்டேன். சித்தப்பா மொழிபெயர்த்தார்: "அஞ்சு நிமிஷம். ஆறாவது நிமிஷம் அவங்க சீரியல். இன்னொரு போரி உடைஞ்சா ஆன்டெனாவும் உடையும். கடைசி வரி என்னோடது இல்லடா, அவங்களே சொன்னாங்க."

மூன்றாம் நாள் 1.50. புடவைகள் ஒதுங்கியிருந்தன. ஒரு கையில் ரேடியோ, மறு கையில் ஆன்டெனா. மாஷிமா சுவிட்சில் கை வைத்து நின்றார். முதல் மூன்று நிமிடம் செயற்கைக்கோளில் வேறு யாரோ இருவர் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார்கள்; அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். கீழ் மாடியிலிருந்து டிவி போனதற்கு ஒருவர் கத்தினார். மாஷிமா இன்னும் பலமாகத் திருப்பிக் கத்தினார். நான்காவது நிமிடம் என் அழைப்புக்குறி, அதாவது என் ரேடியோப் பெயர், நண்பரின் குரலில். நானும் அவர் குறியைச் சொன்னேன், சிக்னல் அறிக்கை கொடுத்தேன். அவர் ஒரு "தேங்க் யூ" சொன்னார். பெட்டி மறுபடி இரைந்தது.

"என்ன சொன்னான்?" மாஷிமா கேட்டதைச் சித்தப்பா தமிழில் சொன்னார்.

"என் பேரு. என் குரல் நல்லாக் கேக்குதுன்னு."

"அவ்வளவுதானா? இதுக்கா என் போரியை மிதிச்சே?"

அவ்வளவுதான். ஐயாயிரத்து நூறு கிலோமீட்டர்.

போகிறவர்களுக்கு: ஹாம் உரிம நகலும் உபரி பேட்டரியும் அவசியம். வடகிழக்கு திறந்திருக்கும் மாடியாகப் பாருங்கள். நேர அட்டவணை போடும் முன் சாவிக்காரர் எப்போது தூங்குவார் என்று கேளுங்கள். ஜனவரியில் போனால் குனிந்து பார்த்து நடங்கள். வானத்தை அப்புறம் பார்க்கலாம்.