வயர் பிஞ்சிடும்

செவ்வந்தி கையில் ஒரு சாமான் கெட்டுப்போனதாக அந்தத் தெருவில் யாரும் கேள்விப்பட்டதில்லை. கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் குடம் இன்னும் ஒடுக்கு விழாமல் பரணில் இருக்கிறது. டிவி ரிமோட் கடையிலிருந்து வந்த உறையைக் கழற்றாமலே வேலை பார்க்கிறது. குடை வாங்கினால் மழைக்கு எடுக்க மாட்டாள், நனைந்துவிடுமாம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் அவர்கள் தெருவில் மருமகள்களைத் திட்டுகிற மாமியார்கள் எல்லாம், "செவ்வந்தியைப் பாத்துக் கத்துக்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

அவள் பத்திரப்படுத்தி வைத்தது சாமான்களை மட்டும் அல்ல. புருஷன் வைரக்கண்ணுவின் காதில் போடவேண்டிய வார்த்தை ஒன்றையும் வருஷக்கணக்காகப் பத்திரமாக வைத்திருந்தாள். அது வேறு யாருக்கும் தெரியாது.

அவளுடைய அப்பா சீர்காழிப் பக்கம் செத்துப்போன அன்று இவர்கள் வயலில் நடவு. வாய்க்காலில் முறைத் தண்ணீர் அன்றோடு சரி, நாற்றும் பறித்தாகிவிட்டது. காலையிலேயே வைரக்கண்ணுவின் செல்லுக்குச் சேதி வந்துவிட்டது. மனுஷன் செல்லை அணைத்து மடியில் செருகிக்கொண்டு வரப்பில் நின்று, "ம், கையைப் போடுங்க, பொழுது போவுது" என்று விரட்டினார். செவ்வந்தியும் மற்றப் பெண்களோடு பாட்டுப் பாடிக்கொண்டுதான் நட்டாள். கடைசி நாற்று முடியும் நட்டுக் கரையேறிய பிறகு, "உங்கப்பா தவறிட்டாராம், கெளம்பு" என்றார். பஸ் மாறிப் போய் இறங்கியபோது வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். அப்பா செத்துக் கிடக்கையில் பாட்டுப் பாடினோமே என்பது அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்து அங்கேயே நின்றுவிட்டது. அதைச் சொல்ல வாயெடுத்த போதெல்லாம், "சரி சரி, சோலியப் பாரு" என்று அவர் அடக்கிவிட்டார்.

ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம். அறுப்பு மெஷின் ஓட்டி ஓட்டி வைரக்கண்ணுவுக்குக் காது போயிற்று. பக்கத்தில் வெடி போட்டாலும் திரும்ப மாட்டார். சிங்கப்பூரில் இருக்கும் மகன் அன்பரசன் லீவில் வந்தபோது ஒரு காது மெஷின் வாங்கி வந்தான். சட்டைப் பையில் வைக்கிற சின்னப் பெட்டி, அதிலிருந்து வயர் ஏறி காதில் செருகுகிற இயர்போன்.

"பெட்டி கெடாதும்மா, வயருதான் போவும்" என்றான். "இறுக்கிச் சுத்தாத. பெட்டியில சொருவுற எடத்துல மடியவிடாத. வேர்வை படாம பாத்துக்க."

மகன் சொன்னதற்கு மேலேயே செய்தாள். தீர்ந்துபோன பேனாவிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றி, பெட்டியில் வயர் செருகும் இடத்தில் மாட்டினாள், மடியாமல் இருக்க. நாலு விரலில் தொளதொளவென்று சுற்றி அல்வா டப்பாவில் வைத்தாள்.

அவர் மெஷின் போட்ட முதல் வாரத்திலேயே ஒருநாள், சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "எங்கப்பா செத்த அன்னைக்கு..." என்று ஆரம்பித்தாள். வைரக்கண்ணு சட்டைப் பைக்குள் விரலை விட்டார். திருகைத் திருகிச் சத்தத்தை அணைத்துவிட்டு, நிதானமாகக் கத்தரிக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

செவ்வந்தி சண்டை போடவில்லை. அவர் மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுக் கை கழுவப் போனதும் வயரைச் சுற்றி டப்பாவில் போட்டு, டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். கேட்டபோது இரண்டு கையாலும் இழுத்து அறுக்கிற மாதிரி காட்டி, "வயர் பிஞ்சிடும்" என்றாள். கேட்கட்டும், கெஞ்சட்டும், கெஞ்சிச் சாகட்டும், அதற்குப் பிறகு சொல்வோம் என்று இருந்தாள். சாவி அவள் இடுப்பில்.

அதன் பிறகு விருந்தாளி வந்தால்தான் மெஷின் வெளியே வரும். ஒருதரம் அவர், "கரகரன்னு சத்தம் வருது" என்றார். அவ்வளவுதான், வயரை அவர்தான் கெடுத்தார் என்று அறுவடை முடிகிறவரை கொடுக்கவில்லை. அதற்கப்புறம் அவர் மெஷினைக் குறை சொன்னதே கிடையாது. மகனிடம், "அப்பாவுக்கு அதைப் போட்டா தலையை வலிக்குதாம்பா" என்று சொல்லிவிட்டாள். அவனும் வீடியோவில் கையை ஆட்டுவதோடு நிறுத்திக்கொண்டான்.

துரைராசு டீக்கடையில் வைரக்கண்ணு ஒரு புது வித்தை கற்றார். பேசுகிறவன் வாய் எப்போது நிற்கிறதென்று பார்த்துக்கொண்டே இருப்பார். நின்றதும் சிரிப்பார். ஒருநாள் எவனோ தன் மாடு செத்த கதையைச் சொல்லி முடித்தான். இவர் சிரித்தார், கடையே இவரைப் பார்த்துச் சிரித்தது. சேதி செவ்வந்தி காதுக்கும் வந்தது. அன்று அவளுக்குச் சோறு ருசித்தது.

வீட்டில் காதைத் தொட்டுக் காட்டி, கையை ஏந்துவார். அவள், "வயர் பிஞ்சிடும்" என்பாள். பக்கத்து வீட்டுச் சுடர்விழிகூட, "ஒரு வயரை இப்படிக் கண்ணுல வச்சுக் காப்பாத்துறியே அத்தை" என்று மெச்சினாள்.

அடைமழையில் எலி வீட்டுக்குள் வந்து ஃபேன் வயரைக் கடித்து வைத்தது. பீரோவின் பின் தகடு வேறு துருப்பிடித்து ஓட்டையாக இருந்தது. செவ்வந்திக்குக் கவலை வந்துவிட்டது. கடைசியில் விதை நெல் டிரம்தான் தோதாகப் பட்டது. எலி ஏறாது, ஈரம் இறங்காது. அந்துப்பூச்சி விழாமல் இருக்க விஷ மாத்திரை போட்டு வாயை இறுக்கிக் கட்டுகிற டிரம், பூச்சிகூட அதில் உயிரோடு இருக்காது. இதைவிடப் பத்திரமான இடம் எங்கே இருக்கிறது? அந்த வருஷம் மாத்திரையோடு அல்வா டப்பாவும் உள்ளே போயிற்று.

விதைப்புக்கு டிரம்மைத் திறக்கிற நாளில் வைரக்கண்ணு படுக்கையில் கிடந்தார். நெஞ்சு வீங்கிப்போயிற்று, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தஞ்சாவூரில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். செவ்வந்திக்குப் பயம் வந்தது. மனுஷன் போவதில் ஒன்றும் பயமில்லை. காதில் வாங்காமலே போய்விடுவாரோ என்ற பயம்.

டப்பாவை எடுத்து வந்தாள். வயர் சுற்றின சுற்று மாறாமல் இருந்தது. செருகுகிற முனை மட்டும் கறுத்திருந்தது, முந்தானையால் துடைத்தாள். புது பேட்டரி போட்டதும் சிவப்பு லைட் எரிந்தது. அதைப் பார்த்ததும் வைரக்கண்ணு எழுந்து உட்காரப் பார்த்தார், கண்ணில் தண்ணீர். அவர் காதில் செருகி, பெட்டியை மட்டும் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள், திருகில் அவர் விரல் படாமல்.

"கேக்குதா?" என்று தலையை ஆட்டிக் கேட்டாள்.

"கேக்குது, கேக்குது" என்றார் அவசரமாக.

அவர் முகத்தைப் பார்த்தால் வார்த்தை வராதென்று சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்கப்பா செத்த அன்னைக்கு என்னையப் பாட்டுப் பாட வுட்டீங்க. அந்தப் பாவத்தை நான் செமக்க மாட்டேன். நீங்கதான் கொண்டுகிட்டுப் போவணும்." அவ்வளவுதான். இத்தனை வருஷம் வைத்திருந்தது இவ்வளவு சின்னதா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

வைரக்கண்ணு சிரித்தார். "நல்லாக் கேக்குது" என்றார்.

செவ்வந்திக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காதிலிருந்து பிடுங்கினாள். "இருக்கட்டும்டி, நல்லாத்தான் கேக்குது, நான் ஒண்ணும் பண்ணல" என்று அவர் கையைப் பிடித்தார். உதறிவிட்டு வயரைச் சுற்றினாள், அப்போதும் இறுக்காமல்தான் சுற்றினாள். அதற்குப் பிறகு கஞ்சித் தம்ளரை எட்ட வைப்பாள், எடுத்தால் எடுக்கட்டும் என்று. அவர் காதைத் தொட்டுக் காட்டினால் வாசலுக்குப் போய்விடுவாள்.

நாற்று வளர்ந்தது, நடவு வந்தது. சுடர்விழியைக் காவல் வைத்துவிட்டுச் செவ்வந்தி வயலுக்குப் போனாள். நடுப்பகலில் செல் அடித்தது.

"அத்தை, மாமாவுக்கு மூச்சு இழுக்குது. சீக்கிரம் வா."

செவ்வந்தி நட வேண்டியதைப் பார்த்தாள். பாதி வயல் பாக்கி. "நடவு முடியட்டும்" என்றாள். செல்லை அணைத்து மடியில் செருகிக்கொண்டு குனிந்தாள். பாடத்தான் வரவில்லை.

அவள் கரையேறி வந்தபோது வாசலில் பெஞ்சு போட்டிருந்தார்கள். "உன்னைத்தான் தேடுனாரு" என்று சுடர்விழி அழுதாள். "காதைக் காதைக் காட்டுனாரு." செவ்வந்தி காலில் இருந்த சேற்றைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். கணக்குத் தீர்ந்தது என்றுதான் நினைத்தாள்.

கருமாதி முடிந்ததும் டீக்கடைத் துரைராசு தனக்கும் காது மந்தமாகிவிட்டது என்று மெஷினைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தாள். அன்று சாயங்காலமே, சத்தமே வரவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்தார். செவ்வந்திக்கு ரோஷம். தன் கையில் இருந்த சாமானா? திருத்துறைப்பூண்டியில் செல் ரிப்பேர் பார்க்கும் ஷஹ்பாஸ் கடைக்கு அவளே எடுத்துப் போனாள்.

ஷஹ்பாஸ் வயரின் தோலைக் கொஞ்சம் சீவிப் பார்த்தார். உள்ளே கரி மாதிரி இருந்தது.

"இதை எங்கம்மா வச்சிருந்தீங்க? விதை நெல்லோடயா?"

"ஆமா, பத்திரமா."

"குடோன்ல இருக்குற மோட்டாரு, சுவிச்செல்லாம் இப்படித்தாம்மா போவுது. அந்த மாத்திரைப் புகை செம்பைத் தின்னுடும்."

"லைட்டு எரியுதே தம்பி."

"லைட்டு பெட்டியில எரியும். சத்தம் வயர்ல போவணும்ல. டிரம்முல போட்ட கொஞ்ச நாள்லயே இது செத்திருக்கும்."

"இல்ல தம்பி. டிரம்முலேருந்து எடுத்துத்தான் எங்க வீட்டுக்காரருக்குப் போட்டேன். நல்லாக் கேக்குதுன்னு அவரு வாயாலயே சொன்னாரு. சிரிச்சாருகூட."

"கேட்டிருக்காதும்மா. ஒரு சொல்லுகூடக் கேட்டிருக்காது. ஏன் அப்படிச் சொன்னாருன்னு எனக்கு என்ன தெரியும்?"

அவளுக்குத் தெரியும். கேட்கவில்லை என்றால் பிடுங்கிப் பூட்டிவிடுவாள் என்று பயந்துபோய்ச் சொல்லியிருக்கிறார். அவள் வாய் நின்றதும் டீக்கடையில் சிரிக்கிற மாதிரி சிரித்திருக்கிறார்.

"வேற வயர் வரவழைக்கவாம்மா?" என்றார் ஷஹ்பாஸ்.

செவ்வந்தியின் விரல்கள் பழக்கத்தில் அந்தச் செத்த வயரைத் தொளதொளவென்று சுற்றிக்கொண்டிருந்தன. டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு ஊர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். கோயில் தாண்டி பஸ் திரும்பியபோது, "எங்கப்பா செத்த அன்னைக்கு..." என்றாள்.

பக்கத்தில் இருந்தவள் திரும்பி, "என்னம்மா சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள் செவ்வந்தி.