தமிழ் தெரியாத டீச்சரம்மா

“…இந்தம்மாவுக்குத்தான் ஒண்ணும் வெளங்காதே சாமி, நீ சும்மா பேசு,” என்று மகளிடம் சொன்னார் என் மாணவியின் அப்பா. சொல்லும்போது அவர் பார்த்தது மகளை அல்ல, என்னை. பார்த்துச் சிரிக்கவும் செய்தார். நானும் ஒன்றும் விளங்காதவளாகத் திரும்பச் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பழகி அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது.

எனக்கு எல்லாமே விளங்கியது. நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில், ஈப்போ பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தமிழ், அடி வாங்கி அழுததும் தமிழில்தான். ஆங்கிலம் அதற்கப்புறம் வந்தது. கல்லூரிப் பக்கமே போனதில்லை. ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் பதினான்கு வருஷம் நின்று, வருகிறவர் போகிறவர் வாயைப் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்ட ஆங்கிலம். வீட்டுக்காரர் சேலத்துக்காரர். ஈப்போவில் வைத்திருந்த சாப்பாட்டுக் கடையை மூடிவிட்டு அவர் ஊர் திரும்பியபோது நானும் வந்துவிட்டேன். வந்த இரண்டாம் மாதமே சேலத்தில், அஞ்சு ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில், இரண்டாம் மாடியில் இருந்த ஓர் ஆங்கிலப் பயிற்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு இருந்ததால் கிடைத்த வேலை. முகம் மட்டும் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

நிலையத்துக்காரர் ஜவுளி வியாபாரத்திலிருந்து வந்தவர். முதல் நாளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்: “டீச்சரம்மா, வெளிய எங்க வேணாலும் தமிழ் பேசிக்கங்க. இந்தப் படி ஏறிட்டா நாக்கக் கட்டிருங்க. வெளிநாட்டுத் துணின்னு போர்டு போட்டுட்டு, பிரிச்சுப் பாத்தா ஓரத்துல நம்ம இளம்பிள்ளைத் தறின்னு இருந்தா எவன் வாங்குவான்?” கூடவே ஒரு நியாயமும் சொன்னார். எனக்குத் தமிழ் தெரியும் என்று தெரிந்தால் பிள்ளைகள் ஒரு வார்த்தை ஆங்கிலம் பேச மாட்டார்களாம். அது உண்மைதான் என்பதால் சரி என்றேன். நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்பதை அந்த நேரம் மறந்துவிட்டேன். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் இறங்குவதற்குள் அவருடைய சம்பந்தி வரைக்கும் விசாரித்து முடிக்கிறவள் நான். யாராவது வாய்க்கு ருசியாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதி வைக்கிறவள். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய், ஊரே கூடிப் பேசுகிற ஒரு மாடியில் வாயைத் தைத்து உட்கார வைத்துவிட்டார்கள்.

எனக்குப் புரியாது என்று நினைத்து என் எதிரிலேயே எத்தனை பேச்சு! “நெறம் நம்ம நெறந்தான், நாக்கு மட்டும் வெளிநாடு” என்று ஓர் அம்மா. “தாத்தங் காலத்துல கப்பல் ஏறுனவங்களாமா, பாஷை தண்ணியில உழுந்துபோச்சு” என்று இன்னொருவர். இந்த அப்பா, முதன்முதலாக மகளைச் சேர்க்க வந்த அன்று, என்னைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டுச் சொன்னது இது: “தமிழே தெரியாம எப்படித்தான் சீலை கட்டுதோ!” நான் எழுந்து போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தேன். அவருக்குச் சொல்ல வைத்திருந்த பதில் நாக்கு நுனியிலேயே காய்ந்து போனது.

சிரிப்பு இரண்டு மாதம் தாங்கியது. பிறகு எரிச்சல்தான். காரணம், வகுப்பில் யாரும் எதையும் மறுப்பதே இல்லை. “புரிந்ததா?” என்று ஆங்கிலத்தில் கேட்டால் “ஓகே மேம்.” “புரியவில்லையா?” என்றாலும் “ஓகே மேம்.” ஒரு நாள் வீம்புக்கு, நாமக்கல் கடற்கரையில் இருக்கிறது என்று பலகையில் எழுதினேன். பதினான்கு தலைகள் ஆடின. அதில் மூன்று தலைகள் நாமக்கல்லிலிருந்து தினமும் பேருந்தில் வருகிறவை. வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் ஒரு பையன் மட்டும் தயங்கித் தயங்கி வந்து, என் மனது நோகக் கூடாதே என்று குரலைத் தாழ்த்தி, “மேம், சீ… லிட்டில் ஃபார் மேம்” என்றான். கடல் கொஞ்சம் தூரமாம்.

நான் ஊர் விட்டு ஊர் வந்த விருந்தாளி. விருந்தாளி முகத்துக்கு நேராக ‘தப்பு’ என்று எப்படிச் சொல்வது? அந்த மரியாதை எனக்குப் பிடிக்காமல் இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு பரீட்சை எழுத முடியாது.

இந்த மாணவி விஷயத்தில் அதுதான் நடந்தது. ஆட்டையாம்பட்டிப் பெண், இருபத்தாறு வயது, செவிலியர். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்கு எடுத்திருந்தார்கள். ஆங்கிலப் பரீட்சை தேறினால் போகலாம்; அந்த அழைப்புக்கும் ஒரு கெடு உண்டு. எழுத்தில், வாசிப்பில், கேட்பதில் எல்லாம் தேறிவிட்டாள். பேச்சில் மட்டும் இரண்டு முறை போய்விட்டது. அந்தப் பேச்சுத் தேர்வில் ஓர் அட்டை கொடுப்பார்கள். தேர்வாளர் நோயாளியாகவோ அவருடைய உறவினராகவோ நடிப்பார். இவள் செவிலியாகவே இருந்து ஐந்து நிமிஷம் பேச வேண்டும்.

நான் தயாரித்த அட்டை ஒன்று இப்படி இருக்கும்: மகனுக்கு அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு நாள்தான் ஆகிறது; அப்பா இன்றே வீட்டுக்குக் கூட்டிப் போவேன் என்கிறார்; அவர் கவலை என்னவென்று கேள், அனுப்ப முடியாது, ஏன் முடியாது என்று எடுத்துச் சொல், வேறு என்ன வேண்டும் என்று விசாரி. புண், தையல், கிருமி, காய்ச்சல் என்று எல்லாவற்றுக்கும் அவளுக்கு ஆங்கில வார்த்தை தெரியும். நான் அப்பாவாகி, “இப்போதே கூட்டிப் போகிறேன்” என்று ஆங்கிலத்தில் உறுமுவேன். “ஓகே சார்” என்பாள். என்னிடம் படித்த காலத்தில் நாற்பது நோயாளிகளையாவது தையல் பிரிக்காமலே வீட்டுக்கு அனுப்பியிருப்பாள்.

“உன் வார்டில் இப்படிக் கேட்டால் என்ன செய்வாய்?” என்றேன். “டாக்டர் வில் கம் மேம்” என்றாள். பிறகு பக்கத்திலிருந்தவளிடம் தமிழில், “நாம எப்படி முடியாதுன்னு சொல்றது? பெரியவங்க. டாக்டர் வந்து சொல்லிக்குவாங்க” என்றாள். முடிச்சு எங்கே என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. தமிழில் இரண்டு நிமிஷம் பேசினால் அவிழ்த்துவிடலாம். நான் செய்தது என்ன? கையை ஆட்டினேன், தலையை ஆட்டினேன், கடைசியில் படமே போட்டேன்: ஒரு கட்டில், ஒரு செவிலி, தூரத்தில் ஒரு டாக்டர், அவர் மேல் பெரிய பெருக்கல் குறி. அதை எல்லோரும் நோட்டில் அழகாக வரைந்துகொண்டார்கள். பெருக்கல் குறியோடு.

அன்றைக்கு, மூன்றாவது பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அப்பாவும் மகளும் சேர்ந்து வந்தார்கள். நிலையத்துக்காரர் புதுக் கிளை விஷயமாக எடப்பாடி போயிருந்தார். ஜன்னல் வழியாகக் கீழே அப்பாவின் வண்டி தெரிந்தது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றுகிற சின்ன லோடு வண்டி. பின்னால் ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் கப்பு, ஒரு பாய்ச் சுருட்டு, ஒரு பெட்டி, எல்லாம் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அடுத்த சந்தில் இருந்த பெண்கள் விடுதியைக் காலையிலேயே காலி செய்துவிட்டார்கள். அப்பா கிளம்பச் சொல்லியிருக்கிறார். இவள் ‘சரிங்கப்பா’ என்று கட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். என்னிடம் சொல்லிக்கொள்வது ஒன்றுதான் பாக்கி. அதைத்தான் இரண்டு பேரும் ஒருவர் தலையில் ஒருவர் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“நீயே சொல்லீரு சாமி, இங்கிலீசு உனக்குத்தானே வரும்?”

“நீங்க சொல்லுங்கப்பா.”

“நானு எப்படிச் சொல்றது? சிரிச்சுக்கிட்டே ஒக்காந்திருக்குது பாரு, பாவம். மூஞ்சிக்கு நேரா வேண்டாமுங்கறதா? அந்த ஓனரு இருந்திருந்தா அவருகிட்டச் சொல்லிப்போட்டு அப்படியே போயிருக்கலாம்.” என் பக்கம் திரும்பித் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தை எடுத்து வைத்தார்: “கிளாஸ் சூப்பர் மேடம். சூப்பர்.” மறுபடி மகளிடம் திரும்பினார். “ரெண்டு தடவ போச்சு. கலியாணங் காதுகுத்துன்னு எங்க போனாலும், ‘புள்ள எப்பப் பிளேன் ஏறுது’ன்னு கேக்கறதுக்குன்னே நாலு பேரு நிக்கறானுக. போதுஞ் சாமி. நம்மூரு ஆஸ்பத்திரியில திங்கக்கெழம வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. ஊட்ல இருந்தே போயிட்டு வந்துக்கலாம்.”

“சரிங்கப்பா.”

அவள் கையில் இருந்த அட்டை வளைந்து வளைந்து பழசாகிப் போயிருந்தது. அப்பா என்ன சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ஒன்றுமில்லை மேம், வகுப்பு சூப்பர் என்கிறார் என்றாள்.

அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“சூப்பர்னா அந்த வாளிய ஏன் கட்டி வச்சிருக்கீங்க?” என்றேன், தமிழில்.

அப்பா மெல்ல எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்தது.

“ஏனுங்… தமிழுங்களா?”

“ஆமாங்க.”

“மொத நாளுல இருந்தேவா?”

“பொறந்த நாளுல இருந்தேங்க.”

“அப்ப அந்தச் சீலை விசயம்…”

“எங்கம்மா கட்டிவிட்டுப் பழகுனதுங்க.”

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்க நான் நிற்கவில்லை. எட்டு மாதத் தமிழ் வாசல்படி வரை வந்து நின்றது. நிலையத்துக்காரர் முகம் மனதில் ஒரு கணம் வந்தது. வந்த வழியே போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

“இங்க பாரும்மா,” என்றேன் அவளிடம். “டாக்டர் வரமாட்டாரு. ஓனர் எடப்பாடியில இருக்காரு, அவரும் வரமாட்டாரு. உனக்காக நானும் பேச மாட்டேன். உனக்கே போதும்னு தோணுனா சொல்லு, நானே அந்த வாளிய மடியில வச்சு உன்ன ஏத்தி அனுப்புறேன். போதாதுன்னா, அத யாருகிட்டச் சொல்லணுமோ அவரு எதிருல நிக்குறாரு.”

“சரிங்…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். அட்டையை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். அவளுக்கு நிஜமாகவே போதும் என்று தோன்றிவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

“அப்பா, நாலு பேரு கேக்கறது உங்களுக்கு எத்தன சங்கட்டமா இருக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்க. என்னாலதான். அது இல்லீன்னு சொல்லல.” மூச்சு வாங்கினாள். “ஆனா நானு இப்ப வரமாட்டேனுங்கப்பா. மூணு வாரந்தான். பேசிப்போட்டுத்தான் வருவேன். அப்பவும் போச்சுன்னா, நீங்க கூப்புட வேண்டாம், நானே அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிக்கறேன்.” தலை குனியவில்லை. சொல்லி முடித்ததும் பழக்க தோஷம், “காலையில ஏதாச்சும் சாப்டீங்களாப்பா?” என்றும் கேட்டுவிட்டாள்.

முதலில் எதிராளியின் கவலை, பிறகு முடியாது என்பது, பிறகு ஏன் என்பது, கடைசியில் அவருக்கு வேறு என்ன வேண்டும் என்று கேட்பது. அட்டையில் நான் எழுதிய அத்தனையும், எழுதிய வரிசையிலேயே வந்திருந்தது. இத்தனை நாளும் படம் போட்டுக்கொண்டிருந்தேனே என்று என் தலையில் நானே கொட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்பா என் பக்கம் திரும்பினார். என்னைத்தான் கேட்டார்.

“இதையத்தானுங்களா அங்க இங்கிலீசுல சொல்லச் சொல்றாங்க?”

“இதையேதாங்க.”

“சரிங்க,” என்றார்.

இந்த ஊரில் அந்த வார்த்தைக்கு ஆகட்டும் என்று அர்த்தமா, போய் வருகிறேன் என்று அர்த்தமா என்பது இன்றைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். நாங்கள் இரண்டு பேரும் ஜன்னலுக்கு ஓடினோம். அவர் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார். அவ்வளவுதான், கிளம்பப் போகிறார், ஹாரன் அடிக்கப் போகிறார், இவள் ‘சரிங்கப்பா’ என்று ஓடப் போகிறாள் என்று நினைத்தேன். அவர் ஏறவில்லை. திறந்த கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வண்டிக்குப் பின்னால் வந்து கயிற்றை அவிழ்த்து முழங்கையில் சுற்றிக்கொண்டார். பாயை அக்குளில் இடுக்கி, வாளியை ஒரு கையிலும் பெட்டியை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தாமலே விடுதிச் சந்துப் பக்கம் நடந்தார்.