நாற்காலியில் வைக்கப்பட்ட என் தபால்

சில வருடங்களுக்கு முன், குடியரசு தினத்துக்கு முந்தைய வாரத்தில் இது நடந்தது. மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடற்கரைச் சாலையை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. நான் பிறந்து வளர்ந்தது செங்கல்பட்டில். கல்யாணமாகி இங்கே வந்தேன். என் கணவர் திரைச்சீலையும் மெத்தை உறையும் தைக்கும் கடை வைத்திருக்கிறார். நெம்மேலி வரைக்கும் இருக்கிற லாட்ஜ்களுக்கும் வாடகை பங்களாக்களுக்கும் அவர்தான் தைத்துக் கொடுக்கிறார்.

கொரோனா சமயத்தில் கடை மூடிக் கிடந்தபோது, மிச்சத் துணிகளை வைத்து வாழ்த்து அட்டை செய்யத் தொடங்கினேன். துணி மட்டும் இல்லை. கல்யாணப் பத்திரிகையின் தங்கக் காகிதம், பஸ் டிக்கெட், டீத்தூள் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த தாள், கரையில் கிடக்கும் வலை நூல், வெயிலில் உலர்த்திச் சாயம் ஏற்றிய மீன் செதில் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஒட்டுவேன், தைப்பேன். கொலாஜ் என்பார்களே, அதுதான். இப்படி அட்டை செய்கிறவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள், இணையத்தில் அவர்களுக்கு ஒரு குழுவும் இருக்கிறது என்று என் மகள்தான் கண்டுபிடித்துச் சேர்த்துவிட்டாள். மாதாமாதம் ஒரு தலைப்பு கொடுப்பார்கள். நாம் ஓர் அட்டை செய்து, அவர்கள் சொல்லும் முகவரிக்கு அனுப்ப வேண்டும். அந்த ஆள் யாரென்று நமக்குத் தெரியாது. வேறு யாரோ நமக்கு ஒன்று அனுப்புவார்கள். கூரியரில் போடக்கூடாது, சாதாரணத் தபாலில்தான் போக வேண்டும். வழியில் விழும் முத்திரை, அழுக்கு, கசங்கல் எல்லாம் அந்த அட்டையின் பகுதி என்பது அவர்கள் வைத்திருக்கும் வழக்கம்.

எங்கள் ஊர்த் தபால் அலுவலகத்தின் கவுண்டரில் ஓர் அம்மா இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், மூட்டு வலிக்காரர். தினமும் செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்து போவார். முதல் தடவை என் கவரைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா இது, லெட்டரா தலகாணியா?” என்றார். இன்னொரு தடவை முகர்ந்து பார்த்து, “கருவாடு கிருவாடு வெச்சிருக்கியா?” என்று கேட்டார். செதில் என்று சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே, ஒட்டின இடம் நசுங்காமல் முத்திரையைப் பக்கவாட்டில் குத்தி உள்ளே போட்டார். இரண்டு வருடத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சு மொத்தமே இவ்வளவுதான். அவர் பெயர் எனக்குத் தெரியாது.

அந்த மாதத் தலைப்பு ‘நேரம்’. ஓடாமல் கிடந்த பழைய பெண்கள் கைக்கடிகாரம் ஒன்று வீட்டில் இருந்தது. வாரைக் கழற்றிவிட்டு, அட்டையில் வட்டமாக ஓட்டை போட்டு அதைப் பதித்தேன். எரிந்துபோன மிக்ஸி மோட்டாரின் செம்புக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றிலும் ஒட்டினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கவரையும் சும்மா விட மனமில்லை. ஷில்லாங்கில் இருந்த ஒரு முகவரியை, நாளிதழிலிருந்து எழுத்து எழுத்தாக வெட்டி ஒட்டினேன். பின்பக்கம் என் முகவரியையும் அப்படியே செய்தேன். மதியம் கவுண்டர் சாப்பாட்டு நேரத்துக்கு மூடியிருந்ததால், போதுமான ஸ்டாம்பை ஒட்டி வாசலில் இருந்த சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை தபால்காரர் போன் செய்தார்.

“அக்கா, கவருல இன்னா வெச்சு அனுப்பினீங்க?”

“கார்டுதான். ஏன்?”

“சீல் அடிச்சுட்டுப் பாத்தா டிக்டிக்னு சத்தம் வந்துகினு கீதுக்கா. போலீஸ் வந்துட்டாங்க. எல்லாரும் வெளிய நின்னுகினு கீறோம். நீங்களே வந்துடுங்க. அவங்க வூட்டாண்ட வந்தா அசிங்கமாயிடும்.”

ஓடாத கடிகாரம் எப்படி ஓடும் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றிய எண்ணம். உள்ளே தளர்ந்திருந்த பேட்டரி, பெட்டியில் விழுந்த வேகத்தில் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். கணவர் கல்யாண மண்டபம் ஒன்றின் திரைக்கு அளவெடுக்க அச்சரப்பாக்கம் போயிருந்தார். அவருக்கு போன் செய்தேன். “நீ போய் நடந்ததச் சொல்லு. பயப்படாத. நான் கெளம்பிட்டேன்” என்றார். அவர் குரலில் பயம் இருந்தது. புர்காவைப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

தபால் அலுவலகத்துக்கு முன்னால் ஒரு காலி இடம் உண்டு. அதன் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி; அதன் மேல் என் கவர். போலீஸ்காரர்கள் கயிறு கட்டி ஆட்களைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தபோது, கண்டபடி வெட்டி ஒட்டிய அந்த எழுத்துகள் மிரட்டல் கடிதம் மாதிரியேதான் இருந்தன. முதல் நாள் அதைச் செய்து முடித்தபோது எனக்கு அப்படித் தோன்றவே இல்லை.

எஸ்.ஐ. இளம் வயதுக்காரர். மரியாதையாகத்தான் பேசினார். பெயர் கேட்டார், சொன்னேன். கணவர் பெயர் கேட்டார், சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த கை ஒரு நொடி நின்று, திரும்ப எழுதியது. அப்படி நின்றதாக நானே நினைத்துக்கொண்டிருக்கலாம்.

“இது யாருக்கும்மா போவுது?”

“ஷில்லாங்ல ஒருத்தருக்கு சார்.”

“சொந்தக்காரங்களா?”

“இல்ல.”

“தெரிஞ்சவங்களா?”

“தெரியாது சார்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “தெரியாதவங்களுக்கு எதுக்கும்மா வாட்ச்சும் ஒயரும் அனுப்பணும்?”

அட்டை பரிமாறிக்கொள்கிற விஷயத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நம்பும்படியாக இல்லை. முன்பின் தெரியாத ஊர்கள், முகம் தெரியாத ஆட்கள், இணையத்தில் ஒரு குழு, மாதம் ஒரு உத்தரவு. நானே திறந்து காட்டுகிறேன் என்றேன். கூடாது, செங்கல்பட்டிலிருந்து வெடிகுண்டுப் பரிசோதனை செய்கிறவர்கள் வருகிறார்கள், அதுவரை யாரும் தொடக்கூடாது என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

என்னைக் கயிற்றுக்குப் பக்கத்தில் தனியாக நிற்கச் சொன்னார்கள். எதிரே கூட்டம் சேர்ந்துகொண்டே இருந்தது. காய்கறிக் கடைக்காரர், தினமும் பார்க்கும் டீக்கடை ஆட்கள், மகளோடு படிக்கும் பெண்ணின் அம்மா எல்லோரும் இருந்தார்கள். ஒருவரும் என்னிடம் வரவில்லை. கண் பட்டால் வேறு பக்கம் பார்த்தார்கள். “பாய் வூட்டம்மாவாம்” என்று யாரோ யாருக்கோ சொன்னது கேட்டது. அதில் கெட்ட எண்ணம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். அடையாளத்துக்காகச் சொன்னதாகவும் இருக்கலாம். ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்து, நாற்காலியை ஒரு தடவையும் என்னை ஒரு தடவையுமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் படம் எங்கெல்லாம் போகும் என்று யோசித்தேன். உள்ளே இருப்பது வெறும் கடிகாரம் என்று பிறகு தெரிந்தாலும் அந்தப் படம் நிற்காது. மகள் பள்ளிக்கூடம், கணவருடைய கடை, செங்கல்பட்டில் நான் பிறந்து வளர்ந்த அத்தாவின் வீடு என்று வரிசையாக மனதில் வந்தது. அழுகை வரவில்லை.

அப்போதுதான் அந்தக் கவுண்டர் அம்மா வந்தார். பஸ் தாமதம் போலிருக்கிறது. தோளில் பை, கையில் சாப்பாட்டுக் கூடை. தபால்காரர் ஓடிப்போய் விவரம் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டே நாற்காலியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எஸ்.ஐ.யிடம் போனார்.

“சார், இந்தம்மா ரெண்டு வருசமா இந்த மாதிரி போட்டுகினு கீது. எல்லாத்துக்கும் நாந்தான் சீல் அடிச்சிருக்கேன். உள்ள அட்டைதான் இருக்கும்.”

“இருக்கலாம்மா. ஆனா செக் பண்ணித்தான் ஆவணும்.”

“பண்ணுங்க சார். வேணாம்னு யாரு சொன்னா?”

சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். அங்கே கிடந்த இன்னொரு நாற்காலியை இழுத்துக்கொண்டு கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்தார். என் கவர் இருந்த நாற்காலிக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் அதைப் போட்டு உட்கார்ந்தார்.

எஸ்.ஐ. திடுக்கிட்டு, “என்னம்மா பண்றீங்க, எழுந்து வாங்க” என்றார்.

“நான் தொடல சார். முட்டி வலி, என்னால நிக்க முடியாது. ஆபீஸையும் பூட்டிட்டீங்க. நான் எங்க போயி குந்துவேன்?”

“ஆபத்தும்மா.”

“உங்க ஆளுங்க வர்ற வரைக்கும்தான் சார். இன்னும் நாஸ்தாகூட துன்னல.”

கூடையைத் திறந்து டப்பாவை எடுத்தார். இட்லி. மடியில் வைத்துக்கொண்டு, அவசரம் இல்லாமல் சாப்பிட ஆரம்பித்தார். எஸ்.ஐ. இன்னும் ஒரு தடவை அழைத்துப் பார்த்தார். ஒரு பெண் போலீஸ் கயிறு வரை வந்து, அதற்கு மேல் போகலாமா என்று அவரைத் திரும்பிப் பார்த்து நின்றுவிட்டார். கூட்டத்தில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். சிரிப்பு கொஞ்சம் பரவியது. படம் எடுத்துக்கொண்டிருந்தவர் செல்போனைக் கீழே இறக்கினார். ஒரு பெண்மணி இட்லி சாப்பிடுவதை எவ்வளவு நேரம் படம் எடுக்க முடியும்? காய்கறிக் கடைக்காரர் என் பக்கம் வந்து, ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

பரிசோதனைக்காரர்கள் வந்ததும் அந்த அம்மா தானாகவே எழுந்து, நாற்காலியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மோப்ப நாய் கவரை முகர்ந்தது, என் மேசையில் கிடக்கும் செதில்களின் வாசனை ஒட்டியிருந்ததோ என்னவோ, இன்னும் ஒரு தடவை முகர்ந்தது, பிறகு ஆர்வம் இல்லாமல் திரும்பிக்கொண்டது. ஏதோ கருவியை வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் ஒருவர் கவரைக் கிழித்து அட்டையை வெளியே எடுத்தார். விநாடி முள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் அதை வெயிலில் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எங்க வீட்லயும் பசங்க இப்படி எதையாவது ஒட்டுவாங்க” என்று எஸ்.ஐ.யிடம் சொன்னார்.

பேட்டரியைக் கழற்றிக்கொண்டார்கள். நான் எழுதிக் கொடுக்க வேண்டியதை எழுதிக் கொடுத்தேன். இனிமேல் இந்த மாதிரிப் பொருளைத் தபாலில் போடாதீர்கள், போட்டால் கவுண்டரில் காட்டிவிட்டுப் போடுங்கள் என்று எஸ்.ஐ. சொன்னார். அட்டையையும் கிழிந்த கவரையும் என் கையில் கொடுத்தார். கூட்டம் அதற்குள் கலைந்திருந்தது.

உள்ளே போனேன். அந்த அம்மா கவுண்டரைத் திறந்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த கவரைப் பார்த்து, “குடு” என்றார். கிழிசலை டேப் போட்டு ஒட்டினார். எடை போட்டார். முத்திரை குத்தி உள்ளே எறிந்தார்.

“நீங்க வந்து பக்கத்துல உக்காந்தது...” என்று ஆரம்பித்தேன்.

“நீ ஒண்டியா நின்னுகினு இருந்த. பாக்க நல்லால்ல.”

“உங்களுக்குப் பயமா இல்லியா மேடம்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஏன் இல்ல? உன்னப் பத்தி எனக்கு இன்னா தெரியும்? உன் கவரத்தான் தெரியும். இட்லி தொண்டையில எறங்கவே இல்ல.” பிறகு எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, “உங்களுக்கு இன்னா வேணும்?” என்றார்.

வெளியே வந்தபோது கணவர் வந்து நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்குப் போகும் வழியில், “கொஞ்ச நாளைக்கு இது வேணாமே” என்று மட்டும் சொன்னார். நானும் சில மாதங்கள் எதையும் ஒட்டவில்லை. இதற்கிடையே ஷில்லாங்கிலிருந்து பதில் வந்தது. கடிகாரத்தைவிட அந்தக் கிழிசலும் டேப்பும் இரட்டை முத்திரையும்தான் மிக அழகு, எப்படி அவ்வளவு இயல்பாகச் செய்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். நான் விளக்கம் எழுதவில்லை.

பிறகு பழையபடி அட்டை செய்ய ஆரம்பித்தேன். அந்த அம்மாவுக்கென்று ஒன்று செய்து எடுத்துப்போனேன். “எனக்கு எதுக்கு இதெல்லாம், வூட்ல தூசிதான் சேரும்” என்று சொல்லிக்கொண்டே வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்தார். கொஞ்ச நாளில் மாற்றலாகிப் போய்விட்டார். எங்கே என்று தெரியவில்லை. இப்போது கவுண்டரில் வேறு ஆள்.

அந்த அம்மாவுக்கு என்னைத் தெரியும், அதனால் நம்பினார் என்றுதான் முதலில் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை என்பது புரியக் கொஞ்ச காலம் ஆனது. தெரியாமல்தான் உட்கார்ந்தார். பயந்துகொண்டுதான் உட்கார்ந்தார்.

போன வருடம் வெளியூர்க் கல்யாணம் ஒன்றுக்குப் போய்விட்டு, வழியில் அத்தாவைப் பார்க்க ரயிலில் வந்து செங்கல்பட்டு ஸ்டேஷனில் இறங்கியபோது, பிளாட்பாரத்தில் ஒரு வடநாட்டுத் தொழிலாளியை நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். ரயிலில் யாருடைய செல்போனோ காணாமல் போயிருந்தது. ரயில்வே போலீஸ் வரட்டும் என்று அவரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். எல்லோரும் அவரைச் சுற்றி இடம் விட்டுத் தள்ளி நின்றார்கள். நான் போய் அந்த பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அவர் ஒரு தடவை என்னைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். போலீஸ் வந்து விசாரிக்க அவரை அழைத்துப் போகும்வரை இருந்துவிட்டு நானும் எழுந்து நடந்தேன்.

அந்த செல்போனை அவர் எடுத்தாரா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் தனியாக இருக்கும் ஒருவர் பக்கத்தில் போய் உட்கார அது தெரிந்தே ஆக வேண்டும் என்று இப்போது எனக்குத் தோன்றுவதில்லை.