தடுப்பு மாத்திரையைத் தமிழில் சொல்லப்போய்

மொழிபெயர்ப்பாளர் வேலை என்பது அடுத்தவருடைய நோயை 'எனக்கு' என்று சொல்லிக்கொண்டு திரிகிற வேலை. மொன்றியல் ஆஸ்பத்திரிகளில் தமிழாட்களுக்கும் டொக்டர்மாருக்கும் நடுவில் ஒரு கதிரை போட்டு என்னை இருத்துவார்கள். நோயாளி "எனக்கு நோகுது" என்றால் நானும் பிரெஞ்சில் "எனக்கு நோகுது" என்றே சொல்லவேண்டும். "அவருக்கு நோகுதாம்" என்று சொல்லக்கூடாது, அதுதான் விதி. அந்தக் கணக்கில் எனக்குப் புரொஸ்டேட் வீங்கியிருக்கிறது, இரட்டைப் பிள்ளை பிறந்திருக்கிறது, ஒரு கால்கூட எடுத்தாயிற்று. மாமியையோ பக்கத்து வீட்டு ஐயாவையோ கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய், அரைகுறைப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு வியர்த்து வழிந்தவர்களுக்கு நான் படும் பாடு விளங்கும். நீங்களும் என் கட்சிதான்.

எச்.ஐ.வி. உள்ளவர்கள் வருகிற கிளினிக் ஒன்றுக்குச் சில வருடங்களாகப் போய் வருகிறேன். அங்கே நடந்தவற்றில் சிலதைச் சொல்கிறேன். ஆட்களைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். அவர்களுடைய வேலை, இடம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன்.

நல்ல குளிசை, கெட்ட சொல்

ஒரு அண்ணை. டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் வேலை. எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து மருந்து தொடங்கியிருந்தார். இரத்தத்தில் வைரஸ் இன்னும் முழுதாக அடங்கவில்லை. அதற்குள் ஊரிலிருந்து மனைவி ஸ்பொன்சரில் வருகிற நாள் கிட்டிவிட்டது. மனைவிக்கு நோய் இல்லை, விஷயம் தெரியும், தெரிந்துதான் வருகிறா. டொக்டர் இளம்பெண், சிரித்த முகம். நோய் இல்லாதவர் தினமும் எடுத்தால் நோய் தொற்றாமல் காக்கிற மாத்திரை ஒன்று இருக்கிறது, மனைவி வந்ததும் அதைத் தொடங்கலாம் என்றா. இங்கே ஆஸ்பத்திரித் தமிழில் அதற்குத் 'தடுப்பு மருந்து' என்றுதான் பெயர். "உங்கட மனுசி வந்த உடனை தடுப்பு..." என்று நான் தொடங்கினேன்.

மிச்சத்தைச் சொல்ல விடவில்லை. அண்ணை எழும்பிவிட்டார். "அவவை ஏன் தடுப்பிலை போடீனம்? அவ என்ன செய்தவ?" என்றார். எங்கள் ஆட்களுக்குத் தடுப்பு என்றால் முகாம். இலங்கையில் சண்டை முடிந்த பிறகு பிடித்துக்கொண்டுபோய் அடைத்து வைத்தார்களே, அது. இவரும் அதற்குள் இருந்தவர். நல்ல செய்தி சொன்னால் இந்த மனிதர் ஏன் கதவைப் பார்க்கிறார் என்று டொக்டருக்கு விளங்கவில்லை. தண்ணீர் கொடுத்து, இருத்தி, வருத்தம், அதுதான் நோய், வராமல் முதலே போடுகிற குளிசை என்று முதலிலிருந்து சொன்னேன். எல்லாம் கேட்டார், தலையாட்டினார், சந்தேகங்கள்கூடக் கேட்டார். வெளியே வரும்போது என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"தங்கச்சி, குளிசை நல்ல குளிசைதான், ஆனா அந்தச் சொல்லை மட்டும் என்ரை வீட்டுக்குள்ளை கொண்டுவராதேங்கோ."

பற்பசை விளம்பரம்

இவ ஒரு அக்கா. புரோசார்டில் துணிக்கடை ஒன்றில் வேலை. நோய் புருஷன் வழியாக வந்தது, அவர் போய்ச் சேர்ந்து கனகாலம். மருந்து தவறாமல் எடுப்பா. இரத்தத்தில் வைரஸ் சோதனைக்கே பிடிபடாத அளவுக்கு அடங்கிவிட்டது. அன்று பரிசோதனை முடிந்து, குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டிருந்தா. இங்கே டொக்டர் வேறொருவர்; அவர் போகிற போக்கில் வாழ்க்கைத்துணை யாரும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றா. "இனி யாரும் வந்தால் பயப்படாதீர்கள், உங்களிடமிருந்து அவருக்குத் தொற்றாது. அப்படியும் அவருக்கு மனம் கேட்காவிட்டால் அவர் எடுக்கிறதுக்கும் ஒரு தடுப்பு மாத்திரை இருக்கு" என்றார் டொக்டர்.

அக்கா ஒரு கையை ஜாக்கெட்டுக்குள் விட்டபடி நின்றா. "இது இப்ப புதுசா வந்ததோ?" இல்லை, சில வருடங்களாகவே இருக்கிறது, மெட்ரோவில்கூட விளம்பரம் ஒட்டியிருந்தார்களே, உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன் என்றார் டொக்டர். அவர் மனம் வருந்தித்தான் சொன்னார், குறை சொல்ல மாட்டேன். அக்கா அந்த விளம்பரத்தைப் பார்த்திருக்கிறா. தினமும் வேலைக்குப் போகும்போது பார்த்திருக்கிறா. "ரெண்டு பேர் பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கொண்டு நிண்டவை. பற்பசைக்காக்கும் எண்டு நினைச்சன்" என்றா.

லிஃப்டில் இறங்கும்போதுதான் மிச்சத்தைச் சொன்னா. கடைக்கு வந்துபோகிற ஒருவர், மனைவியை இழந்தவர், நல்ல மனிதர். தேவையில்லாத வேட்டிகளை எல்லாம் வாங்கிக்கொண்டு போவாராம். ஒருநாள் நேரடியாகவே கலியாணம் கட்டுவோமா என்று கேட்டிருக்கிறார். அவருக்கு நோயைக் கொடுத்துவிடுவேன் என்ற பயத்தில் இவ மாட்டேன் என்றிருக்கிறா. உண்மையைச் சொல்லவும் பயம். பிறகு அவர் டொராண்டோவுக்குப் போய் வேறு கலியாணம் கட்டிவிட்டார்.

"எனக்கு உங்களைப் பிடிக்கேல்லை எண்டு சொல்லித்தான் அனுப்பினனான் பிள்ளை, மனுசன் அதை நம்பிட்டார்."

அம்மாவின் காது

ஒரு பையன், சென்னை. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பெயரைப் பார்த்துவிட்டு, அவரைக் கேட்காமலே கிளினிக் என்னைக் கூப்பிட்டுவிட்டது. என்னைக் கண்டதும் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. நல்ல ஆங்கிலத்தில், மரியாதையாக, இந்த அம்மா வெளியே இருக்கட்டும் என்று டொக்டரிடம் சொன்னார். அது அவருடைய உரிமை. நான் வெளியே போய்க் குந்திக்கொண்டேன்.

முடிந்து வந்தவர் ஒரு கதிரை தள்ளி இருந்தார். சாரி சொன்னார். பிறகு தானாகவே பேசினார். தனக்கு நோய் இருப்பது தெரிந்ததும் தன்னுடைய துணையிடம் மறைக்காமல் சொல்லி, அவரைக் கூட்டிவந்து அந்தத் தடுப்பு மாத்திரையைத் தொடங்க வைத்தாராம். நண்பர்களுக்கெல்லாம் இதைப்பற்றி விளக்கமாகச் சொல்வாராம். எதை எப்போது எடுக்கவேண்டும், என்னென்ன சோதனை, எல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. எனக்கு அந்தத் துணிக்கடை அக்காவின் நினைவுதான் வந்தது. இங்கே ஒரே நகரம், ஒரே பாஷை, ஒரே கிளினிக், வந்துபோகிற கிழமை மட்டும் வேறு. "தம்பி, இதை எங்கட ஆக்களுக்கும் ஒருக்காத் தமிழிலை சொன்னா என்ன?" என்று கேட்டேன். எழும்பப் போனவர் திரும்பிச் சொன்னார்.

"இங்கிலீஷ்ல சொன்னா இது மெடிக்கல் விஷயம் மேடம், தமிழ்ல சொன்னா எங்க அம்மா காதுல விழுந்துடும்னு தோணுது."

இரண்டு அறை

நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு அப்பார்ட்மென்டிலிருந்து வந்த கணவன் மனைவி. இரண்டு பேரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். நோய் அவருக்கு, அவவுக்கு இல்லை. இத்தனை காலமும் பிரெஞ்சு தெரிந்த கூட்டாளி ஒருவர்தான் அவரோடு கிளினிக்குக்கு வந்தவராம். பழைய டொக்டர் ஓய்வு பெற்று, புதிதாக வந்தவர் மனைவியையும் கூட்டிவரச் சொல்லி, என்னையும் கூப்பிட்டார். கனகாலமாக உங்கள் வைரஸ் சோதனையில் பிடிபடாத அளவில் இருக்கிறது, மிகவும் நல்லது என்று அவரைப் பாராட்டினார் டொக்டர். பிறகு மனைவியிடம், நீங்கள் எப்போதாவது தடுப்பு மாத்திரை எடுத்தீர்களா, அல்லது அது இல்லாமலே பயமின்றி இருக்கிறீர்களா என்று கேட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "எங்களுக்குள்ளை ஒண்டும் இல்லை" என்றார் கணவர், நிலத்தைப் பார்த்தபடி. வேறு வேறு அறை. வேறு கோப்பை, துடைக்க வேறு துவாய். நோய் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தானாம்.

வைரஸ் அடங்கிய பிறகும் ஏன் என்று டொக்டர் கேட்டார். "முந்தின டொக்டர் சொன்னவர், என்ரை வருத்தத்தைக் கண்டுபிடிக்க ஏலாதெண்டு. அது எங்கை ஒளிச்சிருக்கெண்டு அவைக்கே தெரியாட்டி, நான் என்னெண்டு இவவுக்குக் கிட்டப் போறது?" அப்போதுதான் எனக்கு விளங்கியது. பழைய டொக்டர் 'பிடிபடாத அளவு' என்று சொன்ன பிரெஞ்சுச் சொல்லைக் கூட்டாளி 'கண்டுபிடிக்க ஏலாது' என்று சொல்லியிருக்கிறார். சொல்லுக்குச் சொல் பிழையே இல்லை. புதிய டொக்டர் பொறுமையாக விளக்கினார்: ஒளித்திருக்கவில்லை, அவ்வளவு குறைந்துவிட்டது, மனைவிக்குத் தொற்றாது. அப்படியும் பயமென்றால் அவ எடுக்க மாத்திரை இருந்தது, இப்போதும் இருக்கிறது. நான் ஒவ்வொரு வசனமாகச் சொன்னேன். மனைவி என்னைப் பார்க்காமல் டொக்டரைப் பார்த்துக் கேட்டா: "அப்ப, பிள்ளை?"

பெற்றிருக்கலாம் என்றார் டொக்டர். அந்த ஒரு சொல்லைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் சொன்னேன். கணவர்தான் அழுதார். "நீ ஒருநாளாவது என்னோடை சண்டை பிடிச்சிருக்கலாமே" என்று மனைவியிடம் சொன்னார். அவ அழவில்லை. மேசையிலிருந்த டிஷ்யூவை எடுத்து அவர் கையில் வைத்தா. அவருடைய தொப்பியையும் கையுறையையும் எடுத்துக்கொண்டு எழும்பினா.

"வாங்கோ, வீட்டை போய் முதல் அந்தக் கட்டிலை என்ரை அறைக்கு இழுப்பம்."

இத்தனை வருட வேலையில் நான் கண்டது இவ்வளவுதான்: கெட்ட செய்தி என்றால் தமிழில் சொல்ல உடனே என்னைக் கூப்பிடுகிறார்கள், நல்ல செய்தி என்றால் எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.