தறப்பாளில் நிற்காத பாற்பல்

செத்த குரங்கின் வாய்க்குள் பார்க்கிற வேலை எனக்குச் சமாதான காலத்தில் வாய்த்தது. அப்போது கிளிநொச்சியில் விலங்கியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சண்டை நின்று, தெற்குக்குப் போகும் பாதை திறந்திருந்தது. விடுமுறைக்கு விடுமுறை பஸ் ஏறித் தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பும் படித்தேன். பூமியில் இன்று இல்லாத குரங்கினங்களின் பற்கள் கல்லாகிப்போய் அங்கே பஞ்சுக்குள் கிடந்தன. அவற்றின் வெளிப்பூச்சில் ஒரு துளி தூள் சுரண்டிச் சோதித்தால், அந்தச் சீவன் காட்டுப் பழம் தின்றதா, வெட்டைவெளியில் புல்விதை பொறுக்கியதா என்று சொல்லலாம். பல் உருவாகும் காலத்தில் தின்றதுதான் அதில் தங்கும். பிறகு எத்தனை விருந்து சாப்பிட்டாலும் அது மாறாது.

என் கணவருக்கு இது பெரிய பகிடி. "சனம் என்ன தின்னுது எண்டு கேக்க ஒருத்தரும் இல்லை. நீர் செத்த குரங்கு என்ன திண்டது எண்டு கேட்டுக்கொண்டு திரியிறீர்" என்பார். நானும் சிரிப்பேன்.

ஒப்பிட்டுப் பார்க்க, என்ன சாப்பிட்டு வளர்ந்தது என்று தெரிந்த ஒரு பிள்ளையின் பல் வேண்டும் என்றார் எனக்குப் படிப்பித்த பேராசிரியை. "உங்கட மகளுக்குப் பல்லு விழேக்க எனக்கு ஒண்டு கொண்டுவாங்கோ" என்று கேட்டுவைத்தார். மகளுக்கு அப்போது இரண்டு வயது. ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அடுத்த வருடமே திரும்பச் சண்டை தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டது. படிப்பு பாதியில் நின்றது. அதற்குப் பிறகு முரசுமோட்டை வீட்டை விட்டு ஓடினோம். ஓடிய இடங்களில் உப்பில்லாத கஞ்சிதான் கிடைத்தது, சில நாள் அதுவும் இல்லை. என் கணவர் பகிடி விடுவதை நிறுத்திவிட்டார்.

முட்கம்பிக்குள் இருந்த வவுனியா அகதி முகாமுக்கு வந்த பிறகு மகளின் முன்பல் விழுந்தது. அவளுக்கு ஆறு வயது. உள்ளங்கையில் வைத்துக் கொண்டுவந்து காட்டினாள். அரிசி போல இருந்தது. அந்தப் பல் என் வயிற்றிலும் என் மடியிலும் உருவான பல். நான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது பாதையால் வந்த மாம்பழமும், பால் ஊறட்டும் என்று அம்மா வறுத்துத் தந்த பால்சுறாவும், எங்கள் வயல் நெல்லும் அதற்குள் இருந்தன. பசி அதற்குள் இல்லை. வீட்டிலிருந்து நாங்கள் கொண்டுவந்ததில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

"அம்மா வச்சிருக்கட்டே, குஞ்சு?" என்று கேட்டேன்.

"இல்லை. கூரையில எறிஞ்சாத்தான் அணில் புதுப்பல்லுத் தரும். எறியாட்டி முளைக்காது" என்று அழத் தொடங்கினாள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஊரில் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

எங்கள் கூடாரத்துக்குப் பிளாஸ்டிக் தறப்பாள்தான் கூரை. அவள் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாள். பல் தறப்பாளில் நிற்காமல் வழுகி என் காலடியில் வந்து விழுந்தது. எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம்! அவளுக்கோ முகம் செத்துவிட்டது.

"அணில் வேண்டாமாம்" என்றாள். "அம்மா, இஞ்ச வாறதுக்கு அணிலுக்கும் பாஸ் வேணுமோ?"

முகாமுக்காகக் காட்டை வெட்டி வெளியாக்கியிருந்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் அணில் ஏற ஒரு மரம் இல்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்வது? பொதுச் சமையல் கொட்டிலுக்கு மட்டும் தகரக் கூரை இருந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். பல்லை விரல்களுக்குள் ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு எறிந்தேன். தகரத்தில் 'டங்' என்று கேட்டது. திரும்பி வரவில்லை. அவள் கைதட்டினாள்.

முகாமை விட்டுப் போன அன்று அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்தேன். ஏணி வைத்து ஏறித் தேடலாமா என்றுகூட நினைத்தேன்.

புதுப்பல் முளைத்தது. அணிலுக்கு நன்றி சொல்லி, பிறகு விழுந்த பாற்பற்களையும் ஒன்று விடாமல் கூரைக்கே எறிந்தாள். பன்னிரண்டு வயதில், "அம்மா, கடைசியில ஒண்டு வருது, பாருங்கோ" என்று வாயைத் திறந்து காட்டினாள். பார்த்தேன். நாங்கள் கஞ்சியும் இல்லாமல் ஓடித்திரிந்த மாதங்களில் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருந்த பல் அது. நல்ல வெள்ளையாகத்தான் இருந்தது. அது விழப்போவதுமில்லை, கூரையில் எறியப்படப்போவதுமில்லை.

"வடிவாயிருக்கு, வாயை மூடு" என்றேன்.